கிராமப் பஞ்சாயத்தின் பணப்பெட்டி

கிராம சுயாட்சியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதிகாரத்தைப் பற்றிய பேச்சாகவே நின்றுவிடுகிறது. தெருவிளக்கு எரியவும், குழாயில் நீர் வரவும், ஊருணி தூர் எடுக்கவும் பணம் வேண்டும். அப்பணம் யாரிடமிருந்து வந்தது, யார் கைவழியே வந்தது என்னும் வரலாற்றை அறிந்தாலன்றி நம் பஞ்சாயத்துகளின் இன்றைய நிலை விளங்காது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் கூறப்படும் குடவோலை முறையை நம்மவர் அனைவரும் அறிவர். ஆனால் அங்கே வேறிரண்டு நிபந்தனைகளும் உள்ளன. வாரியத்திற்குரியவன் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவராவர். அது அந்தணர் சபை. ஊரார் அனைவருக்கும் அதில் இடமில்லை. எனினும், வரி கொடுத்தலும் கணக்குக் கேட்டலும் அங்கே இணைந்தே இருந்தன என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரயத்துவாரி முறை பரவிய இடங்களில், சர்க்கார் ஒவ்வொரு குடியானவனிடமும் தனித்தனியே நிலவரி பெற்றது. ஊர்ச் சபை இடையில் நிற்க வேண்டிய தேவை ஒழிந்தது. பின்னர் 1870 டிசம்பரில் மேயோ பிரபுவின் அரசாங்கம் ஒரு தீர்மானம் செய்தது. கல்வி, மருத்துவம், சாலை முதலியவற்றை மாகாணங்களிடம் ஒப்படைத்து, குறிப்பிட்ட ஒரு தொகையையும் அளித்து, குறைவதை ஸ்தல வரிகளால் ஈடுசெய்து கொள்ளுமாறு கூறியது. அதன்படி 1871-இல் சென்னையில் ஸ்தல நிதிச் சட்டமும், வங்காளத்தில் சாலை வரிச் சட்டமும் பிறந்தன. மத்திய கஜானாவின் சுமையைக் குறைப்பதே இவற்றின் முதல் நோக்கம். ரிப்பன் பிரபு 1882 மே மாதத் தீர்மானத்தில் மக்களின் அரசியல் பயிற்சியையே முதன்மையான நோக்கமாகக் கொண்டார். ஆயினும் ஸ்தல போர்டுகளின் வருவாய் குறுகியதாகவே இருந்தது. பல இடங்களில் கலெக்டரே தலைவராக வீற்றிருந்தார்.

குடியரசு மலர்ந்தபின் அரசியல் சட்டத்தின் 40-ஆவது விதி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்குமாறு அரசுக்கு வழிகாட்டியது. ஸ்தல ஆட்சி மாநிலப் பட்டியலில் வைக்கப்பட்டது. ஆதலின் பெரிய வரிகள் மத்திய அரசிடமும் மாநிலங்களிடமும் தங்க, பஞ்சாயத்திற்கு வீட்டுவரி போன்ற சிறு வரிகளே எஞ்சின. பல்வந்தராய் மேத்தா குழு 1957-இல் அறிக்கை தந்தது. 1959 அக்டோபர் 2 அன்று இராஜஸ்தானத்து நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கி வைத்தார். சென்னை இராஜ்யத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு நல்ல முறை வழங்கியது. ஊரார் செலுத்திய வீட்டுவரிக்கு ஈடான தொகையைச் சர்க்கார் மானியமாகச் சேர்த்துக் கொடுத்தது. ஊர் முயன்றால் அன்றி மானியம் வாராது.

அடுத்த பெரிய மாற்றம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம். அதன்படி பஞ்சாயத்துக்கு எந்த வரியை விட்டுக்கொடுப்பது என்பதை மாநிலச் சட்டசபை தீர்மானிக்கும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதிக் கமிஷன் அமைக்கப்பட வேண்டும். மத்திய நிதிக் கமிஷனோ, பஞ்சாயத்துகளுக்கு உதவும்பொருட்டு மாநிலத்தின் நிதியைப் பெருக்க வழி கூறும். மத்திய அரசின் பணம் மாநிலத்தின் வழியாகவே கிராமத்தை அடைதல் கூட்டாட்சியின் இயல்பாயிற்று. மாநிலக் கமிஷன்களைக் காலத்தில் அமைக்கத் தவறிய மாநிலங்கள் பல.

மத்திய மானியமோ கமிஷனுக்குக் கமிஷன் வளர்ந்தது. பத்தாவது கமிஷன் 1971-ஆம் ஆண்டுக் கிராம மக்கள்தொகையில் தலைக்கு 100 ரூபாய் என்று வகுத்தது. பதினான்காவது கமிஷன் 2015-20 காலத்துக்கு 2 இலட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் பரிந்துரைத்தது. பதினைந்தாவது 2021-26 காலத்துக்கு 2,36,805 கோடி என்றது. பின்னதில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2020-21 முதல் மூன்றாண்டுகளில் பஞ்சாயத்து வருவாயில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு மானியமே என்றும், சொந்த வரி ஒரு பங்கையொட்டியே இருந்தது என்றும் காட்டியது.

மானியம் தவறன்று. வறண்ட கிராமத்துக்கும் செழித்த கிராமத்துக்கும் ஒரே அளவு குடிநீர் வேண்டுமாயின், பொதுநிதியிலிருந்து பகிர்ந்தளித்தலே நீதி. ஆனால் பணம் முழுதும் மேலிருந்து வருமாயின் பஞ்சாயத்துத் தலைவர் கணக்கை மேலிடத்துக்கே காட்டுவார்; ஊராரும் கேட்க மறப்பர். உத்தரமேரூரில் இணைந்திருந்த இரண்டும் இவ்விடத்தில் பிரிந்துவிடுகின்றன.

காலனிவாசிகளாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். மத்திய அரசின் சொத்துக்கு ஸ்தல வரி பொதுவாக இல்லை என்பது அரசியல் சட்டத்தின் 285-ஆவது விதி. எனவே சர்க்கார் குவார்ட்டர்சில் வாழ்வோர் வீட்டுவரிச் சீட்டையே காண்பதில்லை. ஆனால் நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிய வீடு ஒன்று உண்டு. அதன் வரி நிலுவையும் உண்டு. தொகை சிறிதென்று எண்ணி விட்டுவிடுகிறோம். பதினைந்தாவது கமிஷன், பஞ்சாயத்துக் கணக்குகள் இணையத்தில் எவரும் காணுமாறு இருத்தலை மானியத்துக்கு நிபந்தனையாக்கியது. வாக்காளர் பட்டியலில் பெயரில்லாதோர் கிராம சபையில் உறுப்பினராக இயலாது. கணக்கைப் படித்தல் அவர்க்கும் இயலும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் வரி நிலுவையைச் செலுத்தி இரசீது பெறுவார்களாக. பெற்றபின் ஊர்க் கணக்கையும் பார்ப்பார்களாக.