ஒளிராத செடியும் உப்பு வயலும்

1960களின் பிற்பகுதி. சென்னைக்கு வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணூர், திருவொற்றியூர், மணலி என்று வரிசையாக வந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. இராப்பகலாக நிலத்தடி நீர் மேலே ஏறியது. அது காலிசெய்த இடத்துக்குக் கிழக்கிலிருந்து வேறொரு தண்ணீர் சத்தமில்லாமல் கிளம்பியது.

கடல்தான். 1969இலேயே மீஞ்சூர்க் கிணறுகளில் உப்பு தட்டுப்பட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் அது மேற்கே நகர்ந்துகொண்டே போனது. உப்புத் தண்ணீர் பாய்ந்த நாற்றில் முதலில் இலை நுனி வெளுக்கும். அடுத்து இலை சுருண்டு காயும். வயலில் அங்கங்கே சொட்டை விழும். மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடிப்பதைத் தவிர விவசாயி கையில் பெரிய வழி இல்லை. உப்பைத் தாங்கும் நெல் தேவைப்பட்டது. அதை உருவாக்கப் போகிறவர்களில் ஒருவர் முதலில் துரத்தியது உப்பையோ நெல்லையோ அல்ல, பனியை.

குளிர் வந்தால் செடி எழுந்து ஓட முடியாது. சீனத்து மோசோ மூங்கில் பனி விழுந்தாலும் பச்சையாக நிற்கிறது. வாழை ஒரே உறைபனி இரவில் கருகிப்போகிறது. இந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தாமஷோ குழு 1997இல் முதல் துப்பைக் கொடுத்தது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியில் சி.பி.எஃப் என்ற மரபணுவை அது கண்டெடுத்தது. குளிர் பட்ட சில நிமிடங்களில் விழித்து, மற்ற மரபணுக்களை வேலைக்கு விரட்டும் மேஸ்திரி அது. மேஸ்திரியைத் தட்டி எழுப்புவது யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்தத் தேடல் சூடு பிடித்தது கள்ளி மரங்கள் நிற்கும் பாலைவன ஊரில். அரிசோனாவின் டூசான் நகரில் ஜியான்-காங் சூவின் ஆய்வுக்கூடத்தில், பின்னாளில் உப்பு தாங்கும் நெல்லுக்கு வரப்போகிற விஸ்வநாதன் சின்னுசாமியும் சக ஆய்வாளர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். சி.பி.எஃப் வகையில் ஒன்றான சி.பி.எஃப்-3 மரபணுவை இயக்கும் பகுதியோடு மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவை இணைத்துச் செடிக்குள் செலுத்தினார்கள். குளிர் பட்டால் நாற்று ஒளிர்ந்தது. அடுத்து, விதைகளை ரசாயனத்தில் ஊறவைத்து மரபணுக்களில் கண்டபடி பிழைகளை உண்டாக்கினார்கள். முளைத்த நாற்றுகளைக் குளிரவைத்து, இருட்டறையில் கேமராவின் கீழ் வைத்தார்கள். தட்டு முழுக்க மங்கிய ஒளிப் புள்ளிகள். அவற்றின் நடுவே ஒரு நாற்று மட்டும் இருண்டு கிடந்தது.

அதில் கெட்டிருந்த மரபணுவுக்கு ஐஸ்-1 என்று பெயர் வைத்து 2003இல் அறிவித்தார்கள். அந்தச் செடி உறைபனியில் எளிதில் மடிந்தது. ஐஸ்-1 கூடுதலாக இயங்கிய செடிகள் அதிகம் பிழைத்தன. மேஸ்திரியை எழுப்புகிறவர் அகப்பட்டுவிட்டார் என்று துறையே நம்பியது. நெல், கோதுமை என்று ஆய்வுகள் பரவின. 2013இல் மோசோ மூங்கிலின் மரபணுத் தொகுதி வெளியானதும், சி.பி.எஃப் இடம்பெறும் பெருங்குடும்பத்தை அதிலும் பட்டியலிட்டார்கள். ஆனால் ஐஸ்-1 வேறொரு வேலையும் பார்ப்பது 2008இலேயே தெரிந்திருந்தது: இலைத்துளைகளை உருவாக்குவதிலும் அதற்குப் பங்கு இருந்தது.

இலைத்துளை என்ற சொல் வேறொரு கதவையும் தட்டியது. 2009இல் சீன ஆய்வாளர்கள் நெல்லில் டி.எஸ்.டி என்ற மரபணுவைக் கண்டார்கள். அது பழுதானால் இலைத்துளைகள் அதிகம் மூடிக்கொண்டன. நெல் வறட்சியையும் உப்பையும் தாங்கியது. இயற்கை கொடுத்த மரபணுவைக் கெடுத்தால் பயிருக்கு லாபம்! அதற்குள் விஸ்வநாதன் டெல்லியில் பூசா வளாகத்தின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார். அவர் குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரியைக் கையிலெடுத்தது.

2020 இரண்டு செய்திகளோடு வந்தது. டோக்கியோவிலிருந்து வந்தது அதிர்ச்சி. அந்த இருண்ட நாற்றை மறுபடி குடைந்தபோது, அதில் சி.பி.எஃப்-3 அடங்கிப்போனதற்குக் காரணம் ஐஸ்-1 அல்ல என்று தெரிந்தது. உள்ளே செலுத்திய மின்மினி மரபணுத் துண்டே செடியின் சொந்த சி.பி.எஃப்-3ஐயும் ஊமையாக்கியிருந்தது. துப்புக் கொடுத்த விளக்கே குற்றவாளி! ஐஸ்-1க்குக் குளிரில் பங்கு உண்டு என்று வேறு சான்றுகளோடு சிலர் வாதாட, வழக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது செய்தி டெல்லியிலிருந்து வந்தது. ஆந்திரத்தின் மாருட்டேரு ஆராய்ச்சி நிலையம் தந்த எம்.டி.யு. 1010 நெல்லில் டி.எஸ்.டி மரபணுவின் 366 எழுத்துகளை அந்தக் குழு வெட்டி நீக்கியிருந்தது. இலை அகன்றது, துளைகள் குறைந்தன, நாற்றுப் பருவத்தில் உப்பை ஓரளவு தாங்கியது.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் மேடையில் அறிவித்த ‘பூசா டி.எஸ்.டி ரைஸ் 1’ இந்த வழியில் பிறந்ததுதான். பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. உவர், களர் நிலங்களில் 9.66 முதல் 30.4 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்றது அரசு. சோதனைத் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை என்று மரபணு மாற்றுப் பயிர் எதிர்ப்பாளர்கள் அதே ஆண்டில் கொதித்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மறுத்தது. அன்று செடிக்குள் ஒன்றைச் செருகியதால் பதினேழு ஆண்டுக் குழப்பம் வந்தது. இந்த நெல்லில் கடைசியில் வெளி மரபணு எதுவும் மிஞ்சவில்லை. இருந்ததில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறை எவ்வளவு மூட்டையாகும் என்பதை இனி உவர் நிலத்து அறுவடைகள்தான் எடைபோட வேண்டும்.