செப்புக்காசு நிறப்படிவு

பழஞ்செப்புக் காசுகளின் மேல் காலப்போக்கில் தானாகப் படியும் வண்ணம். காற்றுபட்டுச் செம்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்புக்கேற்பச் செம்மஞ்சள், ஊதா, நீலம் தெரியும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரம் இவ்வகைக் காசுகளுக்கு வளமான வரலாற்றுக் களம். ஒருபுறம் நின்ற உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவத்துடன் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற நாகரி எழுத்தும் கொண்டது சோழர் காசு. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் வணிகம் செய்தனர். அவர்களது செப்புக்காசின் பெயரே ‘துட்டு’ ஆயிற்று என்பர். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட காசிலோ ஊர்ப்பெயர் தமிழிலேயே இருக்கும். அதன் அழகே தனி.

கடலோர உப்பு செம்புக்குப் பகை. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் காசு அரிக்கப்படுகிறது என்று பொருள். அதை உலர்ந்த இடத்தில் தனியே வையுங்கள். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்: போன நிறம் திரும்பாது.