ஸ்கேல் என்றால் அடிக்கோல் மட்டும் அல்ல



இங்கிலாந்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தன் மகனுக்குச் சிறிய ஸ்லாட் கார் தடம் வாங்கியிருக்கிறார். தடத்தின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் பந்தயக் கார்கள். ஓரத்தில் வைக்க மாதிரி வீடுகளும் வாங்கினார். காரின் கூரை ஏறக்குறைய வீட்டு வாசலின் உச்சி வரை வருகிறதாம். "இரண்டு பெட்டியிலும் எச்ஓ என்றுதானே சார் போட்டிருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

வகுப்பில் நாம் ஸ்கேல் என்றது அடிக்கோலை. இங்கே ஸ்கேல் என்பது விகிதம். 1:32 என்றால் நிஜத்தில் 32 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர்.

இந்த விகிதங்கள் பொம்மை ரயிலிலிருந்து வந்தவை. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தியது. பிறகு இன்னும் சிறியதாக 'ஓ' அளவு வந்தது. பிரிட்டனில் அது ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். அதில் பாதி, 3.5 மில்லிமீட்டர், 'எச்ஓ' ஆனது. பாதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த 'எச்'. கணக்குப் போட்டால் 1:87 வரும்.

பிரிட்டனில் ஒரு சிக்கல். அந்நாட்டு ரயில் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. அன்றைய மோட்டார் 1:87 உடலுக்குள் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே 16.5 மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு, உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். அதுதான் 'ஓஓ', 1:76. 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ இந்த அளவுதான்.

கார்களுக்கும் இதே கதை. ஃபிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கை அறிமுகப்படுத்தினார். அதற்கு நிலைத்த அளவு 1:32. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 1960-இல் சிறிய கார்களை எச்ஓ என்ற பெயரில் விற்றது. ரயில் பொம்மை வைத்திருப்பவர்களும் வாங்குவார்களே! ஆனால் மோட்டாருக்கு இடம் வேண்டும். அதனால் கார் 1:87-ஐவிடப் பெரிதானது. பின்னாளில் 1:64-ஐ நெருங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஆக, ரயில் வீட்டுப் பெட்டியில் எச்ஓ என்றால் 1:87. கார் பெட்டியில் எச்ஓ என்றால் பெரும்பாலும் 1:64 பக்கம். மாணவர் குழம்பியதில் வியப்பில்லை.

பெயரை நம்பாமல் வாசலை அளந்து பாருங்கள். நிஜ வாசல் 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

1:32 என்றால் 62 மி.மீ.
1:43 என்றால் 47 மி.மீ.
1:64 என்றால் 31 மி.மீ.
1:76 என்றால் 26 மி.மீ.
1:87 என்றால் 23 மி.மீ.

1:64 கார் சுமார் 20 மி.மீ. உயரம் இருக்கும். 23 மி.மீ. வாசல் அதன் பக்கத்தில் எடுபடாது, 31 மி.மீ. வாசல் பொருந்தும். கிடைக்காவிட்டால் 1:76 வீடு ஓரளவு சமாளிக்கும்.

1:32 தடத்துக்கு வேறு தொல்லை. 10 மீட்டர் அகல வீடு 31 சென்டிமீட்டர் ஆகிவிடும். 30 மீட்டர் பார்வையாளர் மாடம் 94 சென்டிமீட்டர். மேசையில் இடமிருக்காது. அதற்கு வழி, தடத்தை ஒட்டி 1:32-இல் ஒன்றிரண்டு கட்டடம், பின்வரிசையில் 1:43, சுவரோரம் 1:76. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது இயல்புதானே, கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெரிய காருக்கும் சிறிய வீட்டுக்கும் நடுவே மரமோ வேலியோ வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மோட்டார் அடங்கவில்லை என்பதற்காக எப்போதோ எடுத்த ஒரு முடிவு, இன்றும் ஒரு தகப்பனின் பணத்தை வீணாக்குகிறது. பெயர் பழையதாகவே இருக்கும், பொருள் மாறியிருக்கும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று இருக்கட்டும்.

வீட்டில் பழைய பொம்மை ரயிலோ காரோ வைத்திருப்பவர்கள் அளந்து எழுதுங்கள். விகிதத்தை நாமே கணக்கிடலாம்.