குன்றிமணி ஊசியும் சுண்ணாம்புக் குழியும்

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பாலாற்றையொட்டிப் பேருந்தில் செல்வோர், ஊர் கண்ணில் படுவதற்கு முன்னரே அதனை மூக்கால் அறிந்துகொள்வர். ஊறிய தோலின் வாடையும் சுண்ணாம்பின் காரமும் கலந்த அக்காற்று இப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. இங்குள்ள கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் நாம், மருத்துவ மாணவர்கள் பயிலும் நச்சியலைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். அதற்குக் காரணம் ஒரு மாணவர்.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற பெண்ணின் தம்பி அவர். இப்போது மருத்துவம் பயில்கிறார். அவருடைய தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். ஒரு விடுமுறை நாளில் தடய மருத்துவப் பாடநூலைக் கையில் ஏந்தி வந்து, “ஐயா, இதிலுள்ள நச்சுச் செடிகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வேண்டும்” என்றார். நோயாளியை இரவில் தூக்கிக்கொண்டு வருபவர் ‘ஒடுவந்தழையைத் தின்னுட்டாங்க’ என்றுதான் கூறுவார். இலத்தீனப் பெயரைக் கூறமாட்டார் என்று அவருடைய பேராசிரியர் வகுப்பில் சொன்னாராம். அது முற்றிலும் உண்மை. வேலூர், திருவண்ணாமலைப் பகுதிச் சிற்றூர்களில் தற்கொலைக்கு நாடப்படும் கொடிய இலை ஒடுவந்தழை. அது உடலில் என்ன செய்கிறது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். இரத்தத்தில் அமிலம் மிகுதலும் பொட்டாசியம் குறைதலும் அதன் முதன்மை விளைவுகளாகக் கூறப்படுகின்றன. செடியின் ஊர்ப்பெயரை அறியாத மருத்துவர் அங்கே விலைமதிப்பற்ற நாழிகைகளை இழப்பார்.

ஆகவே இருவரும் அமர்ந்து பட்டியல் இட்டோம். அரளி, ஊமத்தை, எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், செங்காந்தள் என்று எழுதிக்கொண்டே வந்து குன்றிமணியை அடைந்தோம். பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக நின்ற மணி அது. புறத்தே செம்மையும் மூக்கில் கருமையும் கொண்ட அம்மணியை, கூடா ஒழுக்கம் உடையார்க்கு வள்ளுவர் உவமை ஆக்கியதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். பாடநூலோ அதன் மற்றொரு முகத்தைக் காட்டியது. முழு மணியை விழுங்கினால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். மேலோடு உடைந்தால் உள்ளிருக்கும் ஆப்ரின் என்னும் நச்சுப்புரதம் உயிரணுக்களில் புரதம் உருவாவதையே நிறுத்திவிடும். இம்மணியை அரைத்து, கூரிய ஊசிகளாக உருட்டி, வெயிலில் உலர்த்தி, கைப்பிடியில் பொருத்தி மாட்டின் உடலில் குத்திவிடுவதுண்டு. மாடு சில நாள்களில் மடியும். பார்ப்பவர்க்குப் பாம்பு தீண்டியது போல் தோன்றும். இவையெல்லாம் மருத்துவர் அறிந்திருக்க வேண்டியவை.

அதற்கு அடுத்த வரியில் மாணவரின் விரல் நின்றது. தோலுக்காக மாடுகளை இவ்வாறு கொல்பவர் இன்ன சாதியார் என்று அவ்வரி கூறியது. வட இந்தியாவில் தோல் தொழில் செய்யும் சமார் சமூகத்தின் பெயர் அங்கே அச்சாகியிருந்தது. “ஐயா, இந்த வரியைத் தேர்வில் நானும் எழுதணுமா?” என்று அவர் கேட்டார். நம்மிடம் உடனடியாக விடை இல்லை. அவ்வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், குற்றங்களில் நஞ்சைக் கண்டறியும் வேதியியல் ஆய்வாளர் அலுவலகம் இந்தியாவில் முதன்முதலில் அமைந்தது நம் சென்னை மாகாணத்தில்தான், ஆண்டு 1849. பாஷாணத்தைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836இல் வெளியாகியிருந்தது. 1856இல் நார்மன் செவர்ஸ் என்பார் கல்கத்தாவில் இந்தியாவுக்கென ஒரு சட்ட மருத்துவ நூலை வெளியிட்டார். 1889இல் பம்பாயில் லயன் என்பார் மற்றொன்றை எழுதினார். 1920இல் வெளிவந்த ஜெய்சிங் மோடியின் நூல் பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் கைந்நூலாக நின்றது. கால்நடைகளுக்கு நஞ்சிடுதல் இம்மரபில் ஒரு நிலையான தலைப்பு. அத்தலைப்பின் கீழ்த் தோல் தொழிலாளரின் சாதிப்பெயரும் நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டு வந்தது. இந்திய நச்சியலின் வரலாற்றை ஆராய்ந்து 2016இல் டேவிட் அர்னால்டு வெளியிட்ட ‘டாக்சிக் ஹிஸ்டரீஸ்’ என்னும் நூலில் இதனை விரிவாகக் காணலாம்.

ஐயம் எழுந்த விதம் எளிதில் விளங்கக்கூடியது. இறந்த மாட்டின் தோல் அதனை அப்புறப்படுத்தும் சமூகத்தாருக்கு உரியது என்பது ஊர் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் ஏற்றுமதி பெருகி, தோலுக்கு விலையும் ஏறியது. மாடு மடிந்தால் பயன் பெறுபவர் யாரோ அவரே கொன்றிருப்பார் என்று காவலரும் நிலவுடைமையாளரும் கருதினர். அதே காலத்தில்தான் வெக்கை நோய் நாடெங்கும் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. மாடுகளின் கொள்ளை நோய்களை ஆராய்ந்த ஆணையம் ஒன்றின் அறிக்கை 1871இல் வெளியானது. எந்த மாடு நோயால் மடிந்தது, எது நஞ்சால் மடிந்தது என்று பிரித்தறிவது கடினமாக இருந்த நாள்கள் அவை.

நஞ்சிட்ட நிகழ்வுகளே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஊசிகள் கைப்பற்றப்பட்டதும் மாட்டின் உடலில் நஞ்சு கண்டறியப்பட்டதும் உண்டு. குற்றம் செய்தவர் சிலர். பாடநூல் அந்தச் சிலரை விட்டுவிட்டுப் பிறப்பை எழுதி வைத்தது என்பதே நம் குறை. உடலில் கிடைக்கும் சான்றை மட்டுமே பேசுக என்று கற்பிக்கும் துறை, இந்த ஓர் இடத்தில் சான்று பார்க்காமல் சாதி பார்த்துவிட்டது.

இங்கே சென்னையில் நிகழ்ந்த வேறொரு நஞ்சு மரணத்தை எண்ணிப் பார்க்கலாம். 1693ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலரின் உடலை எட்வர்டு பல்க்லி என்ற மருத்துவர் கூறாய்வு செய்தார். இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் சட்ட மருத்துவக் கூறாய்வு இதுவே என்பர். வீலர் உண்ட மருந்தில் பாஷாணம் கலந்திருந்தது. கலந்தவர் பகைவர் எவரும் அல்லர். மருந்து இடித்த கல்வத்தில் அதற்கு முன் பாஷாணம் இடிக்கப்பட்டிருந்தது, கல்வம் கழுவப்படவில்லை. மருந்து கொடுத்த மருத்துவர் சாமுவேல் பிரௌன், வீலரின் சாவுக்குத் தாமே காரணம் என்று முன்வந்து எழுதினார். அந்தப் பிரௌன் சென்னைச் சுற்றுப்புறச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களுடன் திரட்டி இலண்டனுக்கு அனுப்பியவரும் ஆவார் என்பது, செடிப் பட்டியல் இட்டுக்கொண்டிருந்த நமக்கு ஒரு வியப்பு. நம் மண்ணின் நச்சியல் ஒரு பணியிடக் கவனக்குறைவில் தொடங்கியது என்பதைக் கருத்தில் கொண்டு இனித் தோல் ஊர்களுக்குத் திரும்புவோம்.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலை முயன்று காட்டினார். 1970களில், பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து முழுமையாக்கப்பட்ட தோலை ஏற்றுமதி செய்யுமாறு அரசின் கொள்கை மாறியபின் குரோமியம் இப்பகுதியெங்கும் பரவியது. 1996ஆம் ஆண்டு, தற்செயலாக அதே ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இயங்குவதையும், குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதையும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பு துணைநின்றது. 2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர்த் தோல் கழிவைப் பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தது என்பதிலிருந்தே அந்தப் புண் ஆறவில்லை என்று உணரலாம்.

ஆறும் நிலமும் நீதிமன்றம் ஏறின. தொழிலாளியின் உடல் எங்கே ஏறியது? தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். பின்னர் வரும் கட்டத்தில் தோலை அமிலத்தில் ஊற வைப்பர். இவ்விரு கழிவுநீரும் ஒரு குழியில் கலந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு பிறக்கும். சிறிதளவில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகும்போது அது மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மீளார். அவரை மீட்க இறங்குபவரும் மீளார். 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் நடந்தது வேறு வகை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இத்தகைய உடல் கூறாய்வு மேசைக்கு வருகையில் எதிரே நிற்பவர் எப்போதும் தடய மருத்துவ வல்லுநராக இருப்பதில்லை. வட்ட மருத்துவமனையில் பணியாற்றும், மருத்துவ இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்ற இளம் மருத்துவராகவும் இருக்கலாம். அவர் இளங்கலையில் கற்றதே அவருக்குத் துணை. ஐதரசன் சல்பைடு உடலில் விட்டுச்செல்லும் தடயங்கள் மெல்லியவை. சில வேளைகளில் மூளையில் பசுமை படர்ந்திருக்கும். சட்டைப்பை நாணயம் கறுத்திருக்கும். இரத்தத்திலும் சிறுநீரிலும் தையோசல்பேட்டைத் தேடிப் பார்க்கலாம். இவற்றைத் தேட வேண்டும் என்று அறியாதவர் ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதி முடித்துவிடுவார். அச்சொல்லில் பொய் இல்லை. ஆயினும் அது இறந்தவரின் மனைவிக்கு இழப்பீட்டையோ, குழியில் இறக்கியவர்க்குத் தண்டனையையோ பெற்றுத் தராது. நஞ்சறியும் ஆய்வுக்கு அனுப்பப்படும் இரைப்பையையும் ஈரலையும் பெரும்பாலும் நிறைசெறிவுள்ள உப்புநீரில் இடுவர். ஆட்டுத்தோல் அழுகாமல் காப்பதும் அதே உப்புத்தான். தோலைக் காப்பதில் நாம் காட்டும் அக்கறை, தோலை உரித்தவனுடைய சாவின் காரணத்தைக் காப்பதிலும் வேண்டும்.

1700ஆம் ஆண்டில் இத்தாலியின் மோதெனா நகரில் இராமசீனி என்ற மருத்துவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தோல் பதனிடுவோரைப் பற்றியும் அதில் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவற்றுள் ‘உன் தொழில் யாது’ என்பதையும் சேர்த்தவர் அவரே. நம் பாடநூல் மரபும் அதே கேள்வியைக் கேட்டது. அவர் நோய் தீர்க்கக் கேட்டார். இவர்கள் ஐயுறக் கேட்டார்கள்.

பாடநூல் மாறாதது என்று எண்ணுவோர்க்கு அண்மைய வரலாற்றையே காட்டலாம். தடய மருத்துவப் பாடத்தில் பால்புதுமையினரை இழிவுபடுத்தும் பகுதிகள் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் கேள்விக்குள்ளாயின. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குச் செய்யப்பட்ட இருவிரல் சோதனையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குமாறு 2022 அக்டோபர் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அறிவியல் என்று நெடுங்காலம் மனப்பாடம் செய்யப்பட்டவை தப்பெண்ணங்களாக இருக்கக்கூடும் என்பதை இவ்விரண்டும் உணர்த்தின. குன்றிமணிப் பக்கத்தின் அவ்வரியையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும்.

மாணவருக்கு நாம் கூறியது இதுதான்: “நஞ்சின் இயல்பை எழுதுங்கள்; ஊசி செய்யும் முறையை எழுதுங்கள்; அறிகுறிகளை எழுதுங்கள். தோலின் விலைக்காகக் கொல்வோர் உண்டு என்று எழுதுங்கள். சாதிப்பெயர் எந்தச் சோதனைக் குழாயிலும் தெரிவதன்று. அதனை எழுத வேண்டா. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.” அவ்வாறே எழுதினார் என்றும், மதிப்பெண் குறையவில்லை என்றும் பின்னர் அறிந்தோம்.

அடுத்த முறை வந்தபோது பட்டியலில் சேர்க்க ஒரு பெயரை அவரே கொண்டுவந்தார். ஐதரசன் சல்பைடுக்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று தந்தையாரிடம் கேட்டாராம். தொழிற்சாலையில் அதற்குத் தனிப்பெயர் இல்லை; “கேஸ் அடிச்சிருச்சு” என்றுதான் சொல்வார்கள் என்றாராம் தந்தை. தூக்கி வருபவர் நள்ளிரவில் சொல்லப்போகும் சொல் அதுவே. ஒடுவந்தழைக்குக் கீழே அதனையும் எழுதிக்கொண்டோம்.