தோற்ற மேன்முறையீட்டுக்கு ஆர் காசு கட்டுறது?

யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தால், மேன்முறையீட்டுக்குக் கொழும்பு புதுக்கடைக்குத்தான் போகவேணும். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அவரிட்டக் காசில்லை, அரசு செலவில் ஒரு சட்டத்தரணி வாதாடுறார் எண்டு வைப்பம். மேன்முறையீடும் தோற்றுப்போச்சு. அந்தச் செலவு கடைசியில ஆர் தலையில விழும்?

இது பழைய கேள்வி. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், மேன்முறையீட்டுக்குத் தேவையான வழக்கு விசாரணைப் பதிவை ஏழைக் கைதிக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது. தோற்றால், சிறைக்குள்ள அவர் உழைக்கிற கூலியில் அந்தக் காசைப் பிடித்தது. 1966இல் றினால்டி எதிர் யேகர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. தண்டப்பணத்தோட தப்பினவரும் நன்னடத்தைப் பிணையில் வெளியில் இருந்தவரும் தோற்றாலும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. மறியலில் இருக்கிறவன் மட்டும் ஏன் கட்டவேணும்? நீதிமன்றம் பிடித்த பிழை அதுதான்.

இங்கிலாந்து 2001இல் வேறு வழிக்குப் போனது: வழக்கு முடிய, வசதியுள்ளவரிடம் சட்ட உதவிச் செலவைத் திருப்பிக் கேட்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. இந்தியாவில் 1978இல் ஹொஸ்கொட் வழக்குத் தீர்ப்பை எழுதிய கிருஷ்ண ஐயர், ஏழைக் கைதியின் மேன்முறையீட்டுக்கு நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞரின் கூலியை, அவன்மேல் வழக்குத் தொடுத்த அரசே கொடுக்கவேணும் என்றார்.

அதே 1978இல்தான் இலங்கையில் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு வந்தது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன்னும் தெளிவு: வசதியில்லாத எதிரிக்கு, நீதியின் நலன் வேண்டும் இடத்தில், அவர் காசு எதுவும் கட்டாமலே சட்ட உதவி. குற்றத்தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையும் அதே பிரிவில் இருக்கு.

ஆனால் அந்தச் சட்டம் வந்த நேரம் எங்கட நிலைமை என்ன? 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டியாச்சு. கொழும்புக்குக் கப்பல், இல்லாட்டி பிளேன். இண்டைக்குப் பாதை திறந்திருக்கு. எண்டாலும் ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசு, தங்குற செலவு, அம்மாவின்ர ஒருநாள் கூலி. சட்டத்தரணியின் கூலியை ஆர் கொடுப்பது என்று சட்டங்கள் இவ்வளவு காலம் வாதாடியிருக்கு. தோற்ற மேன்முறையீட்டின் மிச்சச் செலவை எங்கட வீடுகள் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கு. அதுக்கு ஒரு சட்டமும் கணக்குக் கேட்டதில்லை.