பெரும்பாடு: கருப்பை நார்க்கட்டியை அறிதலின் வரலாறும் கொங்குநாட்டு உழைக்கும் பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

கருப்பை நார்த்திசுக்கட்டி பெண்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் கட்டிகளுள் ஒன்று. பெரும்பாலும் புற்றுத்தன்மை அற்றது. ஆயினும் அதன் அறிகுறிகள் நோயாகக் கருதப்படாமல் பல ஆண்டுகள் கழிவதும், இறுதியில் கருப்பையையே அகற்றும் நிலை ஏற்படுவதும் தொடர்கின்றன. இத்தாமதத்திற்கு மருத்துவ அறியாமை மட்டுமே காரணமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 'பெரும்பாடு' என்னும் தமிழ் நோய்ப்பெயர், மேலை மருத்துவத்தில் இந்நோய் வரையறுக்கப்பட்ட முறை, கோயம்புத்தூர் வட்டார ஆலைத்தொழிலின் கால ஒழுங்கு, தொழிலாளர் சட்டங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கி, மாதந்தோறும் வந்துபோகும் நோயைக் கணக்கில் கொள்ளாத சமூக ஏற்பாடே தாமதத்தின் முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பாடு, நார்த்திசுக்கட்டி, கொங்குநாடு, பஞ்சாலை, மாதவிலக்கு, குருதிச்சோகை, தொழிலாளர் காப்பீடு

முன்னுரை

கொங்குநாட்டின் தொழில் வரலாறு பெரும்பாலும் பஞ்சாலை முதலாளிகளின் முயற்சி, தொழிற்சங்கப் போராட்டங்கள், பின்னலாடை ஏற்றுமதி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வாலைகளில் நின்ற பெண்களின் உடல் அவ்வரலாற்றில் பேறுகாலத்தின்போது மட்டுமே தலைகாட்டுகிறது. பேறுகாலத்திற்குப் புறம்பான நோய்கள், குறிப்பாக மாதவிலக்கோடு பிணைந்த நோய்கள், வரலாற்றுப் பொருளாகக் கருதப்படவில்லை. அவ்விடைவெளியை நோக்கிய ஒரு தொடக்க முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

நோயின் இயல்பு

நார்த்திசுக்கட்டி கருப்பைச் சுவரின் மென்தசை உயிரணுக்களிலிருந்து வளர்வது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்கள் அதன் வளர்ச்சியைத் தூண்டுகின்றன. மாதவிலக்கு நின்றபின் அது பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் மீயொலி வழி நடத்தப்பெற்று 2003-இல் வெளிவந்த ஆய்வு, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும் கருப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி தோன்றுவதாக மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

அறிகுறியைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவைப் போலவே அது அமைந்த இடத்திற்கும் பெரும் பங்குண்டு. கருப்பையின் உட்படலத்தை ஒட்டி வளரும் சிறு கட்டியும் கடும் உதிரப்போக்கை உண்டாக்கக்கூடும். வெளிப்புறமாக வளர்வது சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்யும். மலக்குடலை அழுத்தினால் மலச்சிக்கல் தோன்றும். அடிவயிற்றுக் கனம், இடுப்புவலி, கருத்தரிப்பதில் தடை, கருச்சிதைவு ஆகியனவும் நேரலாம். ஏழு நாட்களுக்கு மேல் நீளும் போக்கு, கட்டிகட்டியாக வெளிப்படும் உதிரம், இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டிய நிலை ஆகியன கவனத்திற்குரியவை. தொடர் இழப்பால் வரும் குருதிச்சோகை மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பாகவும் படபடப்பாகவும் தீராத அயர்ச்சியாகவும் வெளிப்படும். இவ்விறுதிக் குறிகளே கருப்பையோடு தொடர்புபடுத்தப்படாமல் மிக எளிதில் விடுபட்டுப் போகின்றன.

பெரும்பாடு என்னும் சொல்

சித்த மருத்துவ வழக்கில் மாதவிலக்கின்போது அளவுமிஞ்சி உதிரம் போதலைப் 'பெரும்பாடு' என்பர். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு, பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணின் நோயைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறது. சமய எல்லை கடந்து மக்களுக்கு விளங்கிய சொல்லாக அது இருந்தது என்பதற்கு இது சான்று. அத்திப்பட்டை, வாழைப்பூ முதலிய துவர்ப்புப் பொருட்கள் இதற்கு மருந்தாக வழங்கப்பட்டன.

இப்பெயரில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இது கட்டியின் பெயரன்று, அறிகுறியின் பெயர். உதிரம் மிகுவதற்கு நார்க்கட்டி ஒரு காரணமாகலாம். வேறு காரணங்களும் உண்டு. எனவே பெரும்பாடும் நார்க்கட்டியும் ஒன்றெனக் கொள்வது பிழை. இரண்டாவது, பாடு என்னும் சொல் தமிழில் துன்பத்தையும் உழைப்பையும் ஒருசேரக் குறிப்பது. 'பாடுபட்டுப் பிழைத்தோம்' என்றும் 'பெரும்பாடு பட்டேன்' என்றும் இன்றும் வழங்குகிறோம். சொற்பிறப்பை இதன்வழித் துணிய இயலாது. எனினும் இந்நோயின் பெயரைக் கேட்ட தமிழர் செவியில் உதிரமும் அல்லலும் சேர்ந்தே ஒலித்தன எனலாம்.

மேலை மருத்துவத்தின் வழி

மேலை மருத்துவம் அறிகுறியை விடுத்துக் கட்டியைப் பின்தொடர்ந்தது. இலண்டன் மருத்துவர் மேத்யூ பெய்லி 1793-இல் இக்கட்டியை விவரித்தார். அது மென்தசையிலிருந்து தோன்றுவதை 1854-இல் ருடால்ஃப் விர்ச்சோ காட்டினார். இதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். உடற்கூற்றியலை அடுத்து அவர் கருத்துச் செலுத்திய துறைகளுள் ஒன்று மகப்பேற்று மருத்துவம். சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தோன்றியது. மேரி ஷார்லீப் முன்னின்று உருவாக்கிய கோஷா மருத்துவமனை 1885-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பெண்ணுக்கான நவீன மருத்துவம் மகப்பேற்றின் வாயில் வழியாகவே நுழைந்தது என்பதை இவை புலப்படுத்துகின்றன. கருவுறாத நாட்களில் கருப்பை படும் அல்லலுக்கு அவ்வாயில் குறுகலாகவே இருந்தது.

உதிரப்போக்கை அளவிடும் முயற்சி 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவீடனில் 1966-இல் வெளியான ஹால்பெர்க் குழுவினரின் ஆய்வை ஒட்டி, ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட இழப்பு மிகை எனக் கொள்ளப்பட்டது. ஆனால் எந்தப் பெண்ணும் தன் உதிரத்தை மில்லிலிட்டரில் அறிவதில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வளவுகோலைக் கைவிட்டது. ஒரு பெண்ணின் உடல், உள்ளம், சமூக உறவு, பொருள்நிலை ஆகியவற்றில் வாழ்க்கைத்தரத்தைக் குலைக்கும் இழப்பே மிகை உதிரப்போக்கு என அது வரையறுத்தது. அவள் படும் பாடே நோயின் அளவாயிற்று. தமிழ்ச்சொல் தன்னுள் கொண்டிருந்த பொருளை மருத்துவம் நெடுவழி சுற்றி வந்தடைந்தது என இதனைக் கொள்ளலாம்.

வீட்டின் கணக்கும் ஆலையின் கணக்கும்

ஆலைக்கு முந்தைய கொங்குச் சிற்றூரில் மாதவிலக்கு என்பது 'தூரம்', 'தீட்டு' என்னும் சொற்களால் அறியப்பட்டது. விலக்கான பெண் வீட்டின் புறத்தே ஒதுங்கியிருக்க வேண்டும். சில சமூகங்களில் இதற்கென ஊர்ப்புறத்தில் தனிக்குடிலும் உண்டு. இவ்வழக்கம் பெண்ணை இழிவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. எனினும் வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அங்கு நாட்கள் எண்ணப்பட்டன. மூன்று நாளில் தலைமுழுக வேண்டியவள் பத்து நாளாகியும் உள்ளே வரவில்லையெனில் வீடு அதனை அறிந்தது. அறிந்த வீடு மருந்து தேடியதா, பழி சுமத்தியதா என்பது வேறு வினா.

கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது. பைகாரா நீர்மின்சாரம் வந்த 1930-களில் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கின் காலம் தூரத்தின் நாட்களை ஏற்கவில்லை. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வேலைநேரத்தைப் பதினொரு மணியாக வரையறுத்தது. விடுதலைக்குப்பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம், ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் இடத்தில் மருத்துவ அறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. தாய்க்கு இடமளித்த இச்சட்டம் மாதந்தோறும் உதிரமிழக்கும் தொழிலாளியைத் தனியே கருதவில்லை.

இதனினும் நுட்பமானது காப்பீட்டின் வரலாறு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில்தான் 1955-இல் நடைமுறைக்கு வந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தின் பெரும்பகுதியை ஈட்டுத்தொகையாக வழங்கிய அத்திட்டம் பல குடும்பங்களைக் காத்தது. ஆனால் 1948-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு ஈட்டுத்தொகை இல்லை என்றது. முந்தைய நோய்க்காலம் முடிந்து பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டுமே இதற்கு விலக்கு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இவ்விதி பொருந்தலாம். மாதவிலக்கு நோய்க்கு இது நேரெதிராக அமைகிறது. உதிரம் கடுமையாகப் போவது பெரும்பாலும் தொடக்க நாட்களில். அது திரும்ப வருவதோ பெரும்பாலும் பதினைந்து நாள் இடைவெளியைக் கடந்து. ஆகவே மாதம் இரண்டு நாள் எழ முடியாமல் கிடக்கும் பெண், ஆண்டு முழுதும் இருபத்துநான்கு நாள் ஊதியம் இழந்தாலும் அவ்விதியின்படி ஒருநாள் ஈட்டுத்தொகையும் பெறாள். எவரும் தீங்கு கருதி இவ்விதியை வகுத்திருக்க வேண்டியதில்லை. வந்துபோகும் நோயை நோயாக எண்ணிப்பாராத மனநிலையே அதன் மூலம்.

அன்றாடத்தில் மறைதல்

பின்னலாடைத் தொழிலில் திருப்பூர் ஓங்கியபின் இந்நிலை வேறுருக் கொண்டது. கைமடியாகவும் செக்கிங்கிலும் பணிபுரியும் பெண்களுள் பலர் துண்டுக்கூலியிலோ நாட்கூலியிலோ இருப்பவர்கள். எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் துண்டுக்கூலிக்காரருக்குக் கூலி குறையும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டும் கட்டியைச் சுமப்பவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ள நேர்கிறது. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தத்தொகை என்ற உறுதியோடு இளம்பெண்கள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். விடுப்பு எடுத்தால் அத்தொகை கைநழுவும் என்ற அச்சத்தில் வலியை மறைப்பதே அங்கு அறிவுடைமையாயிற்று.

தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட செய்தி ஆய்வு இதனை வெளிக்கொணர்ந்தது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலகங்களின் பெண் தொழிலாளர் ஏறத்தாழ நூறு பேரிடம் பேசித் தொகுக்கப்பட்ட அச்செய்தி, மாதவிலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் பணியிடத்திலேயே வழங்கப்பட்டதைப் பதிவுசெய்தது. அம்மாத்திரைகளை உட்கொண்டோர் கூறிய உடற்கேடுகளுள் நார்க்கட்டியும் ஒன்று. மாத்திரைதான் கட்டியை உண்டாக்கியது என இதனால் முடிவுகட்ட இயலாது. ஆயினும் வலி என்பது உடல் விடுக்கும் செய்தி. அதன் காரணத்தை ஆராயாது மாதாமாதம் அடக்கும்போது, நோய் அறியப்படும் வாய்ப்பே அடைபடுகிறது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய மலிவுவிலை அணையாடை எந்திரமும், தமிழக அரசு 2011-இல் அறிவித்த 'புதுயுகம்' திட்டமும் மாதவிலக்கைப் பொதுப்பேச்சாக்கின. இவற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. துவைத்து மீளக் கட்டும் துணியில் எண்ணிக்கை தெளிவாகப் புலப்படாது, அணையாடையில் புலப்படும். ஒரு நாளில் எத்தனை மாற்றினாள் என்னும் எண் மருத்துவரிடம் சொல்லத்தக்க சான்றாகிறது. எனினும் தூய்மைக்கான பொருளாகவே அது பரப்பப்பட்டது. அளவைக்கான கருவியாக அன்று.

தாமதத்தின் விலை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 53.4 விழுக்காட்டினர், குருதிச்சோகை உடையவர்கள். ஊட்டக்குறைவு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. எனினும் ஒவ்வொரு மாதமும் இழப்பது எவ்வளவு என்று கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக்குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

காலங்கடந்து மருத்துவரை அடையும் பெண்ணுக்குக் கருப்பை அகற்றமே ஒரே வழி என்று சொல்லப்படும் நிலை நாடெங்கும் உண்டு. 2015-16 ஆய்வில், நாட்டளவில் கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மிகை உதிரப்போக்கையோ வலியையோ காரணமாகக் கூறினர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நார்க்கட்டி அல்லது நீர்க்கட்டி என்றனர். மருந்துகள், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை, குருதிநாள அடைப்பு முதலிய பிற வழிகள் பலருக்கு ஏற்புடையன. குழந்தை வேண்டும் பெண்ணுக்கு இவ்வேறுபாடு வாழ்க்கையின் வேறுபாடாகும். தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் நடுவண் அரசின் வழிகாட்டுதலை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. அவ்வாணை அறுவை அரங்கின் வாயிலைக் காக்கிறது. அதற்கு முன் கழிந்த ஆண்டுகளை மீட்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நார்க்கட்டியின் முதன்மை அறிகுறிக்குத் தமிழில் தொன்றுதொட்டுப் பெயர் இருந்தது. அறியாமை சொல்லின்மையால் வந்ததன்று. இரண்டாவது, வீடு உதிரத்தைத் தீட்டாக எண்ணியது. ஆலை அதனை எண்ணவே இல்லை. சட்டம் தாய்மையை மட்டும் எண்ணியது. இம்மூன்று கணக்குகளிலும் நோய் என்னும் இனம் விடுபட்டது. மூன்றாவது, மருத்துவ வரையறை இன்று பெண்ணின் அன்றாட வாழ்வையே அளவுகோலாக ஏற்றுள்ளது. ஆகவே எத்தனை நாள், எத்தனை அணையாடை, எத்தனை நாள் வேலை இழப்பு என்று அவள் சொல்வது குறைகூறல் ஆகாது, அதுவே முதற்சான்று.

ஆலை மருத்துவ அறைகளில் மாத்திரை வழங்கும்போது இவ்வினாக்களைக் கேட்டுப் பதிவுசெய்வதும், முதல் இரண்டு நாள் விதியை மாதந்தோறும் மீளும் நோய்களுக்குத் தளர்த்துவதும் பெரும்பொருட்செலவு வேண்டுவன அல்ல. பெரும்பாடு என்னும் சொல்லை முன்னோர் நோயின் பெயராக வழங்கினர். 'பெண்ணென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லி அதனை இயல்பின் பெயராக்கியது பின்வந்த வழக்கம். அதனை மீண்டும் நோயின் பெயராகக் கேட்கக் கற்பதே இவ்வரலாறு நமக்கு விடுக்கும் பணியாகும்.