உட்காரும் உரிமை

உட்காரும் உரிமை என்பது, கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் நின்றபடி வேலை பார்க்கும் ஊழியர்கள், வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை பெறும் சட்ட உரிமை. இந்தியாவில் முதலில் கேரளம் 2018இலும், அடுத்துத் தமிழ்நாடு 2021இலும் தத்தம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இந்த உரிமையை அளித்தன. சட்டம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது. ஆனால் இதைக் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் ஜவுளிக்கடைப் பெண்கள். பணியிடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி என்றதும் சம்பளமும் பதவி உயர்வும்தான் பேச்சில் வருகின்றன. கழிப்பறை, இருக்கை, குடிநீர் என்று உடம்போடு சேர்ந்த தேவைகளும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். ஒரு பெண் ஒரு வேலையில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பாள் என்பதைப் பெரும்பாலும் இவையே தீர்மானிக்கின்றன.

கடைக்குள்ளே

பழைய ஜவுளிக்கடைகளில் வியாபாரம் உட்கார்ந்தே நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்பவர் சம்மணமிட்டு அமர்ந்து சேலையைப் பிரித்துப் போடுவார். வாங்க வந்தவர்களும் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். பட்டுச்சேலைக் கடைகள் சிலவற்றில் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. விற்பவர்கள் அப்போது பெரும்பாலும் ஆண்கள். பல மாடிக் கடைகளும் நீண்ட கவுண்டர்களும் வந்து, விற்பனைக்குப் பெண்களை அதிகமாக எடுக்கத் தொடங்கிய பிறகே நாள் முழுக்க நிற்பது வேலையின் நிபந்தனையாக மாறியது. உட்கார்ந்திருக்கும் ஊழியர் வாடிக்கையாளரை மதிக்காதவர் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. சேலை விற்க நிற்க வேண்டியதில்லை என்பதற்குக் கடைகளின் வரலாறே சாட்சி.

காலையில் கடை திறக்கும் முன்பே பெண்கள் வந்துவிட வேண்டும். தளத்தைப் பெருக்கி, ரேக்கில் துணி அடுக்கி, சீருடைச் சேலையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றால், சாப்பாட்டு நேரம் தவிர இரவு கடை மூடும்வரை நிற்பதுதான். கூட்டமில்லாத பிற்பகலிலும் ரேக்கில் சாய்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசரின் அதட்டல் கேட்கும். பல கடைகளில் சிசிடிவி கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகும். நாளடைவில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைக்கும். இடுப்புவலியும் குதிகால் வலியும் நிரந்தரமாகும். கழிப்பறை தொலைவில் இருந்தாலோ, போய்வர அனுமதி கேட்க வேண்டியிருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிடாய் நாட்களில் இந்த நிற்றல் எப்படியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கர்ப்பமான பெண் வயிறு தெரியத் தொடங்கியதும் வேலையை விட்டுவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். குழந்தை பிறந்து சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால் புதிய ஆளாகவே சேர்க்கிறார்கள். பழைய அனுபவம் கணக்கில் வராது. அதே இடைவெளியில் உடன் சேர்ந்த ஆண் சூப்பர்வைசராகியிருப்பார். சம்பள வித்தியாசம் பிறகு எழுத்தில் தெரிவதற்கு, இருக்கை இல்லாத கவுண்டர் பல ஆண்டுகள் முன்பே வழிவகுத்துவிடுகிறது.

கோழிக்கோட்டிலிருந்து

உரிமைக்கான போராட்டம் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தொடங்கியது. விஜி பெண்கூட்டு என்று அறியப்படும் விஜி, அங்கே தையல் வேலை பார்த்துவந்தவர். கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பக்கத்து ஹோட்டல்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் அவரும் தோழிகளும் 2009 வாக்கில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டார்கள். ஆண்கள் தலைமையிலிருந்த பெரிய தொழிற்சங்கங்கள் கழிப்பறையை ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே பின்னர் அமைப்புசாராத் துறையினருக்குத் தனிச் சங்கம் கண்டார்கள்.

கழிப்பறைக்கு அடுத்து வந்தது நாற்காலி. ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம் என்று மலையாளத்தில் பெயர் பெற்ற இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் ஆறு பேர், உரிமை கேட்டதற்காகத் தாங்கள் இடமாற்றம் செய்யப்பட்டதை எதிர்த்துக் கடை வாசலில் அமர்ந்தார்கள். போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. பெரிய ஊடகங்கள் பெரும்பாலும் பாராமுகமாக இருந்தபோது, சமூக ஊடகங்களில் எழுதியவர்களும் வாசலுக்கு நேரில் வந்து உட்கார்ந்தவர்களும்தான் அதைச் செய்தியாக்கினார்கள்.

கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. பெண்களின் இரவு வேலை நேரத்துக்கான பாதுகாப்பு நிபந்தனைகளும் அதே திருத்தத்தில் சேர்ந்தன. அந்த ஆண்டு பிபிசியின் ‘நூறு பெண்கள்’ பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

தமிழ்நாட்டுச் சட்டம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் இடையில் ஓய்வெடுக்க உட்காரும் வசதி வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. அதற்கு ஓராண்டு முந்திய சென்னை மாகாணத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது கடைத் தொழிலாளிக்குக் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சங்கமாகத் திரண்ட ஆலைத் தொழிலாளியின் குரல் அரசுக்குக் கேட்டது. ஊரைவிட்டு வந்து, கடை முதலாளி தரும் விடுதியிலேயே தங்கி வேலை பார்க்கும் பெண்ணின் குரல் கேட்கவில்லை. இந்தத் தாமதத்துக்கு வேறு நல்ல காரணம் எதையும் சொல்ல முடியாது. சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடை ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் வெளிவந்தபோதுதான் பலர் இந்த வாழ்க்கையை முதன்முறையாகக் கண்ணெடுத்துப் பார்த்தார்கள்.

2019இல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இருக்கை யோசனையை ஒருமனதாக ஏற்றது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் அமரும் குழு அது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் சட்டமன்றத்தில் கடைகள் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே மாதம் அது நிறைவேறியது. புதிதாகச் சேர்ந்த 22-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்துதர வேண்டும். வேலை நேரம் முழுவதும் நின்றே தீர வேண்டிய நிலை கூடாது.

பிற நாடுகள்

பிரிட்டனில் 1899இலேயே கடை ஊழியர் இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற கடைப்பெண், கடைகளில் வேலை பார்த்தபடியே அங்குள்ள நிலைமைகளைப் பெண்கள் அமைப்பு ஒன்றுக்காக இரகசியமாகத் திரட்டினார். பின்னாளில், 1929இல், பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானவர் அவர். அவர் பொறுப்பேற்ற துறையும் தொழிலாளர் துறைதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 120), போதிய இருக்கைகளோடு அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பாதி முக்கியமானது.

நடைமுறையும் துணைநிற்பவர்களும்

ஸ்டூலை வாங்கிப் போடுவது எளிது. அதில் உட்கார்ந்தவரைத் திட்டாமல் இருப்பதில்தான் சட்டம் உயிர் பெறுகிறது. பத்துப் பேர் நிற்கும் தளத்தில் இரண்டு ஸ்டூல் போட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டலாம். தொழிலாளர் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் இருக்கைகளை வெளியே எடுக்கலாம். வேலையை இழக்கப் பயப்படும் பெண் தனியாக இதை எதிர்க்க முடியாது. உடனிருப்பவர்களின் பங்கு இங்கேதான் வருகிறது.

முதல் பொறுப்பு சூப்பர்வைசருடையது. கூட்டமில்லாத நேரத்தில் அவரே சொல்லி உட்காரவைத்தால் மற்றவர்களின் தயக்கம் போய்விடும். உடன் வேலை பார்க்கும் ஆண்களும் உட்கார வேண்டும். பெண்கள் மட்டும் உட்கார்ந்தால் அது சலுகையாகப் பார்க்கப்படும். சலுகை கேட்பவர்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிகள் உண்டு. எல்லோரும் உட்கார்ந்தால் அது வேலை விதியாகிறது. பெண்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட பிரிட்டன் சட்டத்தைவிடத் தமிழ்நாட்டுச் சட்டம் இந்த வகையில் மேலானது.

தொழிற்சங்கங்கள் ஊதியப் பேச்சுவார்த்தையிலேயே இருக்கையையும் கழிப்பறையையும் சேர்த்துப் பேச வேண்டும். சங்கப் பொறுப்புகளில் பெண்களை அமர்த்தாமல் அது நடக்காது என்பதைக் கோழிக்கோடு காட்டியது. ஒட்டிய உரிமைகளையும் இதனோடு சேர்த்தே கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் மகப்பேறு விடுப்பு உண்டு. 2017 திருத்தம் முதலிரண்டு பிரசவங்களுக்கு அதை 26 வாரமாக உயர்த்தியது. பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவும் அத்தகைய கடைகளில் 2013 சட்டப்படி கட்டாயம். பல கடைகளில் இவை இருப்பதே ஊழியருக்குத் தெரிவதில்லை.

வாடிக்கையாளரும் இதில் ஒரு தரப்பு. ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்பதுதான் கடை நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை இல்லாமல் செய்ய நம்மால் முடியும். சேலை பார்க்கும்போது, “நீங்களும் உட்காருங்கம்மா” என்று சொல்லலாம். ஸ்டூல் ஒன்றுகூட இல்லாத தளத்தைக் கண்டால் மேலாளரிடம் கேட்கலாம். பலனில்லையென்றால் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு, கடையின் பெயரும் தளமும் குறிப்பிட்டு ஒரு புகார்க் கடிதம் எழுதலாம். அந்தக் கடிதத்தை ஊழியர் எழுதினால் வேலை போகும் ஆபத்து உண்டு. வாடிக்கையாளர் எழுதினால் இல்லை. ஆகவே அதை நாம்தான் எழுத வேண்டும்.